வாசகர் கேள்வி பதில்: எம்பாம் செய்த உடல் எத்தனை நாள் தாங்கும்?

பிள்ளைகள் கடல்கடந்து போனபிறகு யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டு நாளை விமானச் சீட்டுத்தான் குறிக்கிறது. அதனால் எம்பாமிங், அதாவது மருந்து ஏற்றி உடலைக் கெடாமல் வைத்திருப்பது பற்றி வரும் கடிதங்களும் கூடிக்கொண்டே போகின்றன. இம்முறை அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அப்பா கடைசிக் கட்டத்தில் இருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து தம்பி வந்துசேர எப்படியும் நான்கு நாள் செல்லும். அதுவரை வீட்டில் வைத்திருக்க முடியுமா? மருந்து ஏற்றுவது என்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?
கோண்டாவில் வாசகர்

பதில்: முடியும். நேரத்தோடு தொடங்கி, மருந்து உடலெங்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் நான்கைந்து நாள் வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் இராது. நேரம்தான் இதில் பாதி. எங்கள் ஊர் வெக்கையில் குடலிலுள்ள பற்றீரியா இறப்புக்குப் பிறகு சில மணித்தியாலத்திலேயே பெருகத் தொடங்கிவிடும். இரவில் உயிர் பிரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சொல்லி அனுப்புங்கள். ஆட்கள் வரும்வரை மின்விசிறியைப் போட்டு, பொலித்தீன் பையில் கட்டிய ஐஸை வயிற்றின்மேல் துணி விரித்து வையுங்கள். முகத்தில் ஐஸ் வைக்க வேண்டாம், தோல் சுருங்கி நிறம் மாறும்.

மருந்து என்பது பெரும்பாலும் போமலின் கலந்த நீர். போமலினிலுள்ள போமல்டிகைட்டு புரதங்களை ஒன்றோடொன்று பாலம்போட்டுக் கட்டிவிடும். கட்டுண்ட புரதத்தைப் பற்றீரியாவால் தின்ன முடியாது, பற்றீரியாவும் அதிலேயே சாகும். சதை இறுகுவதும் இதனால்தான்.

முதலில் உடலைக் கழுவி, கைகால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டி விறைப்பை எடுப்பார்கள். கண்ணையும் வாயையும் இந்தக் கட்டத்திலேயே ஒழுங்குபடுத்த வேண்டும். மருந்து ஏறி முகம் இறுகியபிறகு திருத்த வழியில்லை. பிறகு வலப்பக்கக் காறையெலும்புக்குச் சற்று மேலே சிறிதாகக் கீறிக் கழுத்து நாடியை வெளியே எடுத்து அதில் குழாயைச் செருகுவார்கள். அருகிலுள்ள பெரிய கழுத்து நாளத்தைத் திறந்து விட்டால், மருந்து உள்ளே போகப்போக இரத்தம் அவ்வழியே வெளியேறும்.

அளவுக்குப் பொதுக்கணக்கு, உடலின் ஆறு கிலோவுக்கு ஒரு லீற்றர். 60 கிலோ உடலுக்கு 10 லீற்றர். அதை 2 சதவீதப் போமல்டிகைட்டுக் கரைசலாக ஆக்க 500 மில்லிலீற்றர் போமலின் போதும். போத்தலில் போமல்டிகைட்டின் அளவைச் சிலர் 37 சதவீதம் என்றும் சிலர் 40 சதவீதம் என்றும் போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முன்னது எடைக்கணக்கு, பின்னது கனவளவுக்கணக்கு, திரவம் ஒன்றே. அதோடு 300 மில்லிலீற்றர் அளவில் கிளிசரின் சேர்த்தால் உதடும் விரல்நுனியும் காய்ந்து கறுக்காது. சிட்டிகை இயோசின் சாயம் தோலுக்கு உயிர்நிறம் தருவதோடு மருந்து எங்கே போயிருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

மீதி நீர். யாழ்ப்பாணத்தில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிய வன்னீர். அதிலுள்ள கல்சியம் இரத்தம் உறைவதற்குத் துணைபோகும். உறைந்த கட்டி நாளத்தை அடைத்தால் இரத்தம் வெளியேறாது, மருந்தும் மேற்கொண்டு ஏறாது. கொதிக்கவைத்தாலும் வன்மையின் ஒரு பகுதிதான் போகும். கடையில் விற்கும் வடிகட்டிய ஆர்.ஓ. நீர் 10 லீற்றர் வாங்கிப் பாவிப்பது பெரிய செலவில்லை. கல்சியத்தைப் பிடித்துவைக்கச் சோடியம் சித்திரேற்று சேர்த்த கரைசலை முதலில் ஏற்றி இரத்தத்தைக் கழுவிவிட்டுப் பிறகு போமலின் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலை அது.

இயந்திரம் இல்லாவிட்டால் வாளியை உயரத்தில் தொங்கவிட்டும் செய்யலாம். உடல் மட்டத்திலிருந்து 1 மீற்றர் உயரம் ஏறத்தாழ 74 மில்லிமீற்றர் இரச அழுத்தம் தரும், 2 மீற்றர் அதன் இருமடங்கு. உயிருள்ள உடம்பின் இரத்த அழுத்தமும் இந்த எல்லைக்குள்தான். அவசரப்பட்டு இயந்திர அழுத்தத்தைக் கூட்டினால் மருந்து மயிர்த்துளைக்குழாய்களை உடைத்துக்கொண்டு கசியும், கண்ணிமையும் கழுத்தும் ஊதிவிடும். ஊதிய முகம் பிறகு வற்றாது. காதுமடல், நகக்கண், பாதவிரல் எல்லாவற்றிலும் சாயநிறமும் இறுக்கமும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நீரிழிவுக்காரரின் கால்நாடிகள் அடைபட்டிருக்கும். கழுத்தில் ஏற்றியது பாதத்துக்கு வராது. தொடை நாடியைத் திறந்து தனியாக ஏற்ற வேண்டும், அதுவும் போகாவிட்டால் பாதத்தில் ஊசியால் ஏற்ற வேண்டும். உங்கள் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் வருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைசி வேலை வயிறும் நெஞ்சும். நாடிவழி போகும் மருந்து குடலுக்குள் கிடப்பதைத் தொடாது. தொப்புளுக்கு இரண்டு அங்குலம் இடமாக, இரண்டு அங்குலம் மேலாக நீண்ட குழல் ஊசியைச் செலுத்தி உள்ளிருக்கும் வாயுவையும் நீரையும் உறிஞ்சி எடுத்து, செறிவான மருந்தை நெஞ்சறை, வயிறு, இடுப்பறை ஒவ்வொன்றுக்கும் அரை லீற்றர் அளவில் விட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு மலர்ச்சாலையில் எம்பாம் செய்வித்தோம். மூன்றாம் நாள் மூக்கால் மண்ணிறத் தண்ணீர் வந்தது. முகம் பச்சை கலந்த நிறமாகிவிட்டது. சனத்துக்கு முன்னால் பெரிய வேதனை. என்ன பிழை நடந்தது?
சாவகச்சேரி வாசகி

பதில்: இரண்டும் வேறு வேறு காரணத்தால் வந்திருக்கக் கூடியவை.

மூக்கால் வந்தது கோப்பித்தூள் கரைத்ததுபோல, புளித்த மணத்தோடு இருந்திருந்தால் அது இரைப்பையிலிருந்து வந்தது. நுரையும் சிவப்புமாக இருந்தால் நுரையீரலிலிருந்து. வயிற்றில் ஊறிய வாயு கீழிருந்து தள்ளுகிறது என்பதுதான் இரண்டுக்கும் பொருள். மேலே சொன்ன கடைசி வேலையைத் தவிர்த்திருப்பார்கள், அல்லது உறிஞ்சி எடுக்காமல் மருந்தை மட்டும் விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கும் குடும்பத்துக்கு அந்த வேலை தெரியாது என்பதால் அதிகம் விடுபடுவதும் அதுதான். எம்பாம் முடிந்ததும் "வயிற்றுக்கும் செய்தாயிற்றா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம். இப்படி வந்துவிட்டால் செய்தவர்களையே திரும்பக் கூப்பிட்டு மறுபடி உறிஞ்சிச் செறிவான மருந்து விடச் சொல்ல வேண்டும். அவர்கள் வரும்வரை தலையையும் தோளையும் ஒரு சாண் உயர்த்தி வையுங்கள், மூக்குத்துளைகளில் பஞ்சை ஆழமாக வையுங்கள். உடலைத் தூக்கும்போது வயிற்றில் கை அழுத்தக்கூடாது. வாசனைத் திரவியம் தெளிப்பதால் ஒன்றும் ஆகாது.

பச்சை நிறத்துக்கு, அம்மாவுக்கு ஈரல் வருத்தமோ செங்கண்மாரியோ இருந்ததா என்று பாருங்கள். தோலை மஞ்சளாக்கும் பிலிரூபின் போமல்டிகைட்டு பட்டதும் பச்சைநிறப் பிலிவேர்டினாக மாறும். முகம் முழுவதும் ஒரே சீராகப் பச்சை படர்ந்து, மணம் இல்லாமல், தோல் உறுதியாக இருந்தால் அது இதுதான். உடல் பழுதாகவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பழுதாவதால் வரும் பச்சை வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கும், மணம் இருக்கும், தொட்டால் மேல்தோல் வழுக்கும். செங்கண்மாரி உள்ளவருக்குப் போமல்டிகைட்டு குறைந்த மருந்தை முதலில் ஏற்றிப் பித்தத்தைக் கழுவிவிட வேண்டும். இரத்தம் சரியாக வெளியேறாத உடலில் முகம் சாம்பல் பூத்ததுபோல ஆகும். அது ஈமோகுளோபினோடு போமல்டிகைட்டு சேர்வதால் வருவது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று: சிறுநீரகம் செயலிழந்தவரின் உடம்பில் யூரியாவும் அமோனியாவும் நிறைந்திருக்கும். அமோனியா போமல்டிகைட்டைப் பிடித்து வேறொரு சேர்வையாக்கிவிடும். அதில் கிருமியைக் கொல்லவும் சதையை இறுக்கவும் வலு இல்லை. வழக்கமான 2 சதவீதம் அங்கே பாதியில் தீர்ந்துபோகும், 3 சதவீதமாக்க வேண்டும். டயலிசிஸ் செய்துவந்தவர் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வருத்தத்தின் பெயர் தெரிந்தால்தான் மருந்தின் அளவு சரியாக வரும்.

கேள்வி: மருத்துவபீட மாணவி நான். உடற்கூற்று அறையில் ஒரு மணித்தியாலம் நின்றாலே கண் எரிந்து கண்ணீர் ஓடுகிறது. போமலினுக்குப் பதிலாகப் புதிய திரவங்கள் வந்துவிட்டதாகப் படித்தேன். எங்களுக்கு ஏன் அவை இல்லை?
திருநெல்வேலி

பதில்: 1893இல் ஃபெர்டினான்ட் புளூம் என்ற ஜேர்மன் மருத்துவர் போமல்டிகைட்டின் கிருமிகொல்லும் தன்மையைச் சோதித்தபோது தன் விரல்தோல் இறுகியதைக் கண்டார். திசுக்களைப் பதப்படுத்த அது உதவும் என்று அப்படித்தான் தெரியவந்தது. மலிவு, ஆழமாக ஊடுருவும், கலப்பது எளிது. அதன் இடத்தை முழுதாகப் பிடிக்க இன்றுவரை வேறொன்று வரவில்லை. ஆனால் 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. அன்றிலிருந்து தேடல் சூடுபிடித்தது.

பெயர்பெற்ற மாற்று, ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் வால்டர் தீல் பல்லாண்டு உழைத்து 1992இல் வெளியிட்ட முறை. இதில் போமலின் மிகக் கொஞ்சம். போரிக்கமிலம், பொற்றாசியம் நைத்திரேற்று, அமோனியம் நைத்திரேற்று, சோடியம் சல்பைற்று, கிளைக்கோல், குளோரோகிரீசோல் ஆகியவை வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்துபவர்கள் நைத்திரேற்றுச் சேர்த்து நிறத்தைக் காப்பதை நினைத்துக்கொண்டால் தத்துவம் விளங்கும். தீல் உடலில் மூட்டுகள் மடங்கும், தசை மென்மையாக இருக்கும், நிறம் உயிரோடு ஒட்டியிருக்கும். குழாய்வழி அறுவைக்கும் மயக்கமருந்து ஊசிப் பயிற்சிக்கும் இதைப்போல வராது. ஆனால் நாடிவழி ஏற்றியபின் தொட்டியில் பல மாதம் ஊறவைக்க வேண்டும், இரசாயனச் செலவு பலமடங்கு, மூளை சரியாக இறுகாது, தசைநார்களின் நுண்ணமைப்பு சிதையும். முதலாம் ஆண்டில் நரம்பையும் நாடியையும் தேடிப் படிக்கும் உங்களுக்கு இறுகிய உடலே உதவி. ஆகவே தீல் முறையைப் பீடம் முழுவதற்கும் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அறுவைப் பயிற்சிக்கு ஒன்றிரண்டு உடல் என்றால் நியாயம்.

எங்களுக்குப் பொருந்தி வரக்கூடியது செறிந்த உப்புக்கரைசல் முறை. கோல்மன், கோகன் இருவரும் 1998இல் வெளியிட்டது. அறை வெப்பத்தில் 100 மில்லிலீற்றர் நீர் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்பைக் கரைக்கும், அதற்குமேல் கரையாது. அந்த எல்லையை ஒட்டிய உப்போடு ஐசோபுரோபைல் அற்ககோல், கிளிசரின், கொஞ்சம் பீனோல், கொஞ்சம் போமலின். கருவாட்டைக் காக்கும் அதே தத்துவம்: உப்பு நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, பற்றீரியாவுக்குப் பாவிக்க நீர் இல்லாமல் போகிறது. ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்களுக்கு உப்புக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை துரு. மேசை, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் உப்பு அரிக்கும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் ஒரு பருவத்தில் கருவிகள் போய்விடும். திறந்திருக்கும் மேற்பரப்பில் பூஞ்சை வராமல் ஈரத்துணியால் மூடிவைக்கவும் வேண்டும்.

எதனோலும் கிளிசரினும் சேர்த்த முறையும் உண்டு. கண் எரியாது, திசு நன்றாக இருக்கும். ஆனால் 70 சதவீத எதனோலின் ஆவி 17 பாகை அளவிலேயே தீப்பற்றத் தயாராகிவிடும். எங்கள் அறை வெப்பம் 30. குளிர்நாட்டுச் சமையற்குறிப்பை அப்படியே எடுக்கக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். வெடிப்புத்தடுப்பு மின்னிணைப்பும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

இப்போதே, புதிய இயந்திரம் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று இருக்கிறது. போமலினால் இறுக்கி முடித்த உடலை நீரில் நன்றாகக் கழுவி, 1 சதவீத பீனொக்சிஎதனோல் கரைசலுக்கு மாற்றிவைப்பது. அது திசுவை இறுக்காது, ஆகவே முதல் வேலைக்கு உதவாது. இறுகியதைக் கெடாமல் வைத்திருக்கும். ஆவி பெருமளவு குறையும். எங்களைக் கேட்டால் முதல் ரூபாயை இதில்தான் செலவழிக்க வேண்டும்.

காற்றோட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போமல்டிகைட்டு காற்றைவிடச் சற்றுப் பாரமானது. உறிஞ்சும் விசிறி மேசை மட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தால்தான் ஆவி மூக்குக்கு வருமுன் வெளியே போகும். கூரை மின்விசிறி அதைக் கலக்கி முகத்தில் அடிக்கும், நின்றுவிட்டால் கண் எரிவு குறைவதை நீங்களே உணர்வீர்கள். சாதாரண முகக்கவசமோ என்95 கவசமோ வாயுவைத் தடுக்காது. போமல்டிகைட்டுக்கென்றே குறித்த வடிகலன் பொருத்திய கவசம் வேண்டும். கையுறை நைத்திரைல் நல்லது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புச் சட்டம் எட்டு மணித்தியாலச் சராசரிக்கு 0.75 பிபிஎம்மை (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 0.75 பங்கு) எல்லையாக வைத்திருக்கிறது, 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். மூக்கு பழகிவிட்டதை ஆவி குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண் எரிவைக் கவனியுங்கள், எரிந்தால் எழுதிக்கொடுங்கள். சத்தமில்லாமல் தாங்கிக்கொள்வது படிப்பின் ஒரு பகுதி அல்ல.

உறுப்புகளுக்கு பிளாஸ்ரினேசன் மிகச் சிறந்தது. 1977இல் ஹைடல்பேர்க்கில் குந்தர் ஃபொன் ஹாகன்ஸ் தொடங்கியது. திசுவின் நீரை மறை 25 பாகை அசற்றோனால் நீக்கி, பிறகு சிலிக்கோனில் அமிழ்த்தி வெற்றிடம் கொடுப்பார்கள். அசற்றோன் ஆவியாகி வெளியேற, அந்த வெற்றிடத்துக்குச் சிலிக்கோன் இழுபட்டுப் போகும். வெற்றிடத்தை வேகமாகக் கூட்டினால் சிலிக்கோன் போய்ச்சேருமுன் திசு சுருங்கிவிடும், பொறுமைதான் அங்கே திறமை. கிடைப்பது காய்ந்த, மணமற்ற, வெறுங்கையால் தொடக்கூடிய மாதிரி.

கேள்வி: போமலின் கலனின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பாவிக்கலாமா?
நெல்லியடி

பதில்: வேண்டாம். போமல்டிகைட்டு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துப் படிந்தது அது. மேலே நிற்கும் திரவத்தின் வலு எவ்வளவு என்று உங்களால் கணிக்க முடியாது, துகள் குழாயையும் அடைக்கும். இதைத் தடுக்கவே மெதனோல் சேர்த்து விற்கிறார்கள். குளிரூட்டியில் வைத்தால் படிவு கூடும். நிழலில், அறை வெப்பத்தில், இறுக மூடி வையுங்கள். கொட்டினால் பிளீச்சிங் போடக்கூடாது, நச்சுப்பொருள் உருவாகலாம். சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசலை ஊற்றித் துடைத்தெடுங்கள்.

கேள்வி: அண்ணர் திடீரென்று இறந்தார். மரண விசாரணை முடியுமுன் எம்பாம் செய்யலாமா?
மானிப்பாய்

பதில்: செய்யவே கூடாது. போமலின் பல நஞ்சுகளை அழிக்கும் அல்லது மாற்றும், மதுவின் அளவைக் கணிக்க முடியாமலாக்கும், மரபணுவையும் துண்டாக்கும். திடீர் மரண விசாரணை அதிகாரியும் தேவையானால் சட்ட வைத்திய அதிகாரியும் உடலை விடுவித்தபிறகே தொடங்க வேண்டும். அதுவரை குளிரறை. பிரேத பரிசோதனை செய்த உடலில் நாடிகள் அறுபட்டிருக்கும் என்பதால் கழுத்தில் ஒரு இடத்தில் ஏற்றுவது வேலைக்காகாது. இரு கழுத்து, இரு அக்குள், இரு தொடை என ஆறு இடத்தில் தனித்தனியாக ஏற்றி, உள்ளுறுப்புகளைச் செறிவான மருந்தில் ஊறவைத்துத் திருப்பி வைக்க வேண்டும். கூலியும் நேரமும் கூடுவது இதனால்.

கேள்வி: எம்பாம் செய்த உடலுக்கு அரப்பு எண்ணெய் வைத்து நீராட்டலாமா? வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த உடலைத் தகனம் செய்ய என்ன கவனிக்க வேண்டும்?
வண்ணார்பண்ணை

பதில்: கிரியைக்குத் தடையில்லை. காறையெலும்புப் பக்கத்துத் தையலிலும் வயிற்றிலுள்ள துளையிலும் நீர் படாமல் பிளாஸ்ரிக் ஒட்டி, அரப்பையும் எண்ணெயையும் தலையில் தொட்டு வைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்தால் போதும். குடம் குடமாக ஊற்றினால் தையல் வழியே மருந்து கசியும். நீராட்டுபவர்கள் கையுறை அணியட்டும். வாய்க்கரிசி போடும்போது பஞ்சை எடுக்க வேண்டாம், அதன்மேலேயே போடலாம். கைக்குழந்தைகளையும் முட்டு வருத்தக்காரரையும் நெருங்கி நிற்கவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் துத்தநாகத் தகடு உள்வைத்துக் காற்றுப்புகாமல் ஒட்டிய பெட்டி. உள்ளே பல நாள் அடைபட்ட போமலின் ஆவி இருக்கும். முற்றத்திலோ திறந்த விறாந்தையிலோ வைத்து வெட்டித் திறந்து, அரை மணித்தியாலமாவது விட்டபிறகு அருகில் போங்கள். வெட்டிய தகட்டின் விளிம்பு கத்தி, தடித்த கையுறை அவசியம். தகனத்துக்கு உடலை மரப்பெட்டிக்கு மாற்றியே ஆக வேண்டும். துத்தநாகம் 419 பாகையில் உருகும், மேலும் சூடேறினால் எழும் புகை சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும். எம்பாம் செய்த உடல் சிதையில் வழக்கம்போலவே எரியும். காற்று வரும் பக்கமாக நின்று கொள்ளி வையுங்கள்.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவரா என்பதை எம்பாம் செய்யுமுன்பே சொல்லிவிடுங்கள். அதன் மின்கலம் தீயில் வெடிக்கும். தோலுக்குக் கீழேதான் இருக்கிறது, சிறு கீறலோடு எடுத்துவிடலாம். அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவியாக இருந்தால், வைத்தியசாலையில் அதை நிறுத்திவிட்ட பிறகே கம்பியை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டுபவரின் கையில் மின்னதிர்ச்சி பாயும்.